போனில் இருக்கும் செஸ் இன்ஜினை குகேஷ் ஜெயிப்பாரா?

திருமங்கலத்துக்காரன்:
வணக்கம். அக்கா மகன் ஏழாவது படிக்கிறான், மதுரை அண்ணா நகரில் செஸ் கிளாஸுக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை போட்டி முடிந்து பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, அவன் தோற்ற ஆட்டத்தை என் போனில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜினில், அதாவது நகர்த்தல்களைக் கணக்குப் போடும் புரோகிராமில், போட்டுப் பார்த்தோம். கால் மணி நேரம் யோசித்து நகர்த்திய குதிரையை அது கண் இமைப்பதற்குள் தப்பு என்று காட்டியதும் பையன் முகம் வாடிவிட்டது. "மாமா, குகேஷ் இதோடு ஆடினால் ஜெயிப்பாரா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆட்டத்தின் பலத்தைச் சொல்லும் எண்ணான ரேட்டிங் இன்ஜினுக்கு 3600 என்கிறார்கள், மனிதர்களில் அதிகமாக எடுத்த கார்ல்சன் தொட்ட உச்சமே 2882. இரண்டையும் கழித்துப் பார்ப்பது சரியா?

வைகைக்கரை:
ஜெயிக்க மாட்டார். குகேஷ் மட்டுமில்லை, யாராலும் முடியாது, நல்ல நாளில் டிரா செய்யலாம், அவ்வளவுதான். 1996-இல் உலக சாம்பியன் காஸ்பரோவ் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கம்ப்யூட்டரை 4-2 என்று ஜெயித்தார், அடுத்த வருஷமே 3.5-2.5 என்று தோற்றார் (ஜெயித்தால் ஒரு புள்ளி, டிரா என்றால் அரை). அப்போது அந்த மெஷின் இரண்டு பெரிய பீரோ அளவு இருந்தது, ஒரு விநாடிக்கு 20 கோடி பலகை நிலைகளைப் பார்த்தது. 2006-இல் பான் நகரத்தில் உலக சாம்பியன் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸ் என்ற இன்ஜினிடம் 4-2 என்று தோற்றார், அதில் ஓர் ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் ராஜா மாட்டி ஆட்டம் முடியும் மேட்டையே கவனிக்காமல் விட்டார். உலக சாம்பியனே களைத்துப் போவார், மெஷினுக்குக் களைப்பே கிடையாது. ஆனால் என்னை உண்மையாகவே அசத்தியது 2009தான்: புவெனஸ் அயர்ஸில் ஒரு செல்போனில் ஓடிய பாக்கெட் ஃபிரிட்ஸ் என்ற இன்ஜின் மனிதர்களோடு ஆடிய போட்டியில் 10 ஆட்டத்தில் 9.5 புள்ளி எடுத்தது. அது விநாடிக்கு 20,000 நிலைகளைக்கூடப் பார்க்கவில்லை. அதாவது வேகம் பெருகியதால் மட்டும் வந்த பலம் இல்லை, எதைப் பார்க்க வேண்டாம் என்று தெரிந்துகொண்டதால் வந்தது.

கறுப்புயானை:
கழிப்பது சரியில்லை. மனிதர்கள் மனிதர்களோடு ஆடி வாங்கிய எண் ஒன்று, இன்ஜின்கள் இன்ஜின்களோடு ஆடி வாங்கிய எண் இன்னொன்று, இரண்டுக்கும் தராசு வேறு. வித்தியாசம் பெரியது என்பது மட்டும் நிச்சயம். 700 புள்ளி இடைவெளி என்றே வைத்துக்கொண்டாலும், கணக்குப்படி 100 ஆட்டத்தில் மனிதருக்கு 2 புள்ளிதான் தேறும். 2016-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா கொமோடோ என்ற இன்ஜினோடு நாலு ஆட்டம் ஆடினார், ஒவ்வொன்றிலும் இன்ஜின் ஒரு சிப்பாயை விட்டுக்கொடுப்பது மாதிரி அவருக்கு ஏதாவது சலுகை உண்டு, அப்படியும் 2.5-1.5 என்று கொமோடோதான் ஜெயித்தது. 2017-இல் வந்த கூகுளின் ஆல்ஃபாஸீரோ புரோகிராம் இன்னும் ஒருபடி மேலே: தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டு, அன்றைய ஸ்டாக்ஃபிஷ்ஷை 100 ஆட்டத்தில் 28 ஜெயித்தது, 72 டிரா, ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

பழங்காநத்தம் மாஸ்டர்:
தம்பி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். பதினாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்டம் முடிந்த சூட்டில் போனைத் திறக்க விடாதீர்கள். குதிரை தப்பு என்று இன்ஜின் எண்ணைக் காட்டும், ஏன் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாது. என்னிடம் வரும் பிள்ளைகள் நகர்த்தல்களைக் குறித்துவைக்கும் ஸ்கோர்ஷீட்டில் பென்சிலால் முதலில் தாங்களே எழுத வேண்டும்: இந்த இடத்தில் என்ன பயந்தேன், எதிராளி எதை நகர்த்துவான் என்று நினைத்தேன். அப்புறம்தான் இன்ஜின். இரண்டும் எங்கே பிரிகிறதோ அங்கே பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவோம், சில நாள் ஒரே நிலையில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். கிராண்ட்மாஸ்டர்கள் எல்லோரும் இன்ஜின் வைத்துத்தான் தயாராகிறார்கள், ஆனால் போட்டியில் பலகைக்கு முன்னால் தனியாகத்தான் உட்கார வேண்டும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டத்தில், அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையைத் தப்பாக நகர்த்தியதை குகேஷ் கண்டுபிடித்தாரே, அங்கே அவருக்கு எந்த போனும் காட்டிக்கொடுக்கவில்லை.

திருமங்கலத்துக்காரன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாஸ்டர் சார், நேற்று ராத்திரி போனை மூடிவைத்துவிட்டு அந்தக் குதிரையை மட்டும் பலகையில் வைத்துப் பார்த்தோம். அது நகர்ந்ததும் பின்னால் மந்திரிக்குக் காவல் போய்விட்டது என்று அவனே சொன்னான். அடுத்த ஞாயிறு திண்டுக்கல்லில் போட்டி, ஸ்கோர்ஷீட்டைக் கொண்டு வந்து கேட்கிறேன்.