இம்ப்ளிகேச்சர்: மறைபொருளா, குறிப்புப்பொருளா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவர் நேராகச் சொல்லாமல் பேச்சில் உணர்த்தும் பொருளைத்தான் இம்ப்ளிகேச்சர் (implicature) என்கிறோம். அதற்குத் தமிழில் 'மறைபொருள்' என்று வைக்கலாம் என்ற முன்மொழிவு எனக்கு ஒட்டவில்லை. நபிமார் கதைகளின் உரையாடலைப் பற்றி எழுதும்போது மறைபொருள் என்று போட்டால், சூஃபி ஞானம் ஏதோ வரப்போகிறது என்று வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

யூசுஃப் நபியின் கதையையே பாருங்கள். தம்பியின் மூட்டையில் அரசரின் குவளையை வைத்தது யூசுஃப்தான். குவளை அகப்பட்டதும் அண்ணன்மார், இவருக்குப் பதில் எங்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். எங்கள் பொருளை எவரிடம் கண்டோமோ அவரைத் தவிர வேறு யாரையும் பிடிக்க மாட்டோம் என்கிறார் யூசுஃப் (குர்ஆன் 12:79). 'திருடியவரை' என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. கண்டது உண்மை, திருட்டு நடக்கவே இல்லை. ஆனால் கேட்பவர் திருட்டு என்றே எடுத்துக்கொள்வார். குர்ஆன் விரிவுரையாளர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். விவிலியத்தில் யோசேப்பு என்று வரும் இவரது பேச்சிலும் இதே இடத்தில் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்பதுதான் வருகிறது (ஆதியாகமம் 44:17).

"இவரிடம் இருந்தது, ஆனால் இவர் திருடவில்லை" என்று தொடர்ந்திருந்தாலும் முரண் வராது. மொழித் தத்துவவாதி பால் கிரைஸ் 1975-இல் வெளியிட்ட கட்டுரையில் இம்ப்ளிகேச்சருக்குச் சொல்லும் அடையாளங்களில் ஒன்று இது: சொன்னதை மறுக்காமலே, உணர்த்தியதை விலக்கிவிடலாம்.

'உள்ளுறை' வேண்டாம். அது விவிலியத்தில் நாத்தான் தீர்க்கதரிசி தாவீது அரசரிடம் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதைக்குப் பொருந்தும். அங்கே கதை முழுவதும் உவமை. (கதை தன்னைப் பற்றியது என்று தாவீதுக்குப் புரியாமல், "நீயே அந்த மனுஷன்" என்று உடைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. பாவம் நாத்தான்.) 'தொனிப்பொருள்' நல்ல சொல்தான். ஆனால் இலங்கையில் அதை மாநாட்டின் கருப்பொருளுக்குக் கொடுத்துவிட்டார்கள். 'உய்த்துணர்வு' கேட்பவர் செய்வது. நமக்கு வேண்டியது சொல்பவர் பக்கத்துச் சொல்.

அதனால் என் வாக்கு 'குறிப்புப்பொருள்'. "தெரிபுவேறு நிலையலும் குறிப்பின் தோன்றலும்" என்று தொல்காப்பியர் பொருளை வெளிப்படையாகத் தெரிவது, குறிப்பாகத் தோன்றுவது என இரண்டாகப் பிரித்தபோதே பாதி வேலை முடிந்துவிட்டது. நோட்ஸ் எனும் 'குறிப்பு' குறுக்கே வருமே என்றால், 'பொருள்' சேர்ந்ததும் அந்தக் குழப்பம் போய்விடுகிறது. வினைக்குக் 'குறிப்பித்தல்' வைக்கலாம்: யூசுஃப் திருட்டைச் சொல்லவில்லை, குறிப்பித்தார்.

அப்புறம், மேலே சொன்ன அந்த விலக்கிவிடலாம் என்ற தன்மைக்கு 'விலக்கத்தகைமை' என்று எழுதிப் பார்த்தேன். வாயில் நுழையவில்லை. யாரிடமாவது சின்னதாக ஒன்று இருக்கிறதா?