தூக்கம் வராமல் தவித்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு எது உதவியது?

படுத்ததும் தூங்கிவிடுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். சோபாவில் உட்கார்ந்தால் கண் சொருகும். சரி, தூக்கம் வந்துவிட்டது என்று கட்டிலில் தலை சாய்த்தால் அவ்வளவுதான், சுத்தமாக விழிப்பு வந்துவிடும். மோசமான இரவுகளில் அதிகாலை மூன்று, நான்கு மணி வரை புரண்டுவிட்டு, விடியும் நேரத்தில் கண் அசரும்போது அலாரம் அடிக்கும். வருடக்கணக்கில் எனக்கு இதுதான் நிலைமை.

இரவைவிடப் பகல்தான் கொடுமை. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பேன். சின்ன விஷயத்துக்கும் சுள்ளென்று கோபம் வரும். பொழுது சாயச் சாய, ‘இன்றைக்காவது தூங்குவோமா’ என்ற பயம் வேறு.

வாரத்துக்கு 3 இரவாவது இப்படிப் போய், அது 3 மாதம் நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்று சொல்லி, மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்தார். எப்போது படுத்தேன், சுமாராக எப்போது தூங்கியிருப்பேன், நடுவில் எத்தனை முறை விழிப்பு, எப்போது எழுந்தேன் என்று தினமும் காலையில் தோராயமாகக் குறிக்க வேண்டும். ராத்திரி கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது. அந்தத் தாளைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு இரவுக்குக் கட்டிலில் கிடந்தது சுமார் 9 மணி நேரம், தூங்கியது ஐந்தரை.

அதற்கு அவர் சொன்ன வைத்தியம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. “தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்றால், கட்டிலில் இருப்பதும் அவ்வளவுதான்.” இரவு 12.30க்கு முன் படுக்கக் கூடாது. காலை 6 மணிக்கு எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான். பகலில் கண்ணயரக் கூடாது. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்துக்கான அழுத்தம் ஏறுமாம். சீக்கிரமே படுத்து, மதியமும் கொஞ்சம் தூங்கினால் அந்த அழுத்தம் சேர வழியே இல்லை. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1987இல் வெளியிட்ட முறை இது.

இதோடு இன்னொரு விதி. படுத்துச் சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். நான் மங்கலான விளக்கடியில் ஒரு நாற்காலி போட்டு, போர்வையும் ஏற்கெனவே படித்த ஒரு புத்தகமும் வைத்திருந்தேன். புதுப் புத்தகம் என்றால் அடுத்த பக்கம் இழுக்கும். ஒரே பத்தியில் கண் மூன்று முறை வழுக்கினால்தான் மறுபடி கட்டில்.

ஆரம்ப நாட்கள் நரகம். ஒன்பதரைக்கே கண் செருகும், உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று நின்றுகொண்டே துணி மடிப்பேன். ஆனால் மெல்ல மெல்ல, படுத்தால் தூக்கம் வர ஆரம்பித்தது. கட்டிலில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கினால் 15 நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். அப்படிக் கூட்டிக் கூட்டி இப்போது ஏழு மணி நேரத்தை நெருங்குகிறேன். இன்னமும் மோசமான இரவு வரும். மறுநாள் சீக்கிரம் படுக்காமல் இருந்தால் தானாகச் சரியாகிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறையின் ஆரம்ப நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். வலிப்பு, இருமுனைக் கோளாறு (பைபோலார் என்கிற மனநலப் பிரச்சினை) உள்ளவர்கள் மருத்துவர் துணையில்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

* * *

உங்கள் முறையைத் தொடங்குமுன் குறட்டையையும் கவனிக்கச் சொல்லுங்கள். என் கணவர் படுத்த நிமிடமே தூங்குவார், எட்டு மணி நேரம் தூங்குவார். ஆனாலும் காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி. ஒருநாள் பக்கத்தில் விழித்திருந்து கவனித்தேன். குறட்டை சட்டென்று நின்றது. மார்பு ஏறி இறங்குகிறது, மூக்கில் காற்று இல்லை. நான் பதறி எழுப்பப் போகும்போது பெரிதாக மூச்சை இழுத்து மறுபடி குறட்டை. அன்றைக்கு எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சு எப்படிப் போகிறது என்று பார்க்கும் சோதனை, எடுத்தோம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைத்துக்கொள்கிறதாம். 10 நொடியாவது மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 30க்கு மேல் போனால் தீவிரம், இவருக்கு அதையும் தாண்டியிருந்தது. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் கருவி கொடுத்தார்கள். முதலில் எரிச்சலில் கழற்றி எறிவார், இப்போது அது இல்லாமல் படுப்பதில்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் படுக்கும் நேரத்தைக் குறைத்து என்ன பயன்?

* * *

நான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். படுக்கைப் புண் வராமல் இருக்க ராத்திரியிலும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எனக்குத் தூக்கம் வரும், தூங்கத்தான் முடியாது. இதற்கு எந்த விதியும் பொருந்தவில்லை. தம்பியோடு இரவைப் பங்கு போட்டுக்கொண்டதுதான் என்னைக் காப்பாற்றியது. இரண்டு மணி வரை அவன், அப்புறம் நான். என் முறை வரும் வரை கதவைச் சாத்தி, போனை அவனிடமே கொடுத்துவிடுவேன். தொடர்ச்சியாகக் கிடைக்கும் அந்த நாலு மணி நேரத்துக்கு, துண்டு துண்டாகத் தூங்கும் ஏழு மணி நேரம் ஈடாகாது. வீட்டில் ஒருவர் மட்டுமே எல்லா இரவும் விழிக்கிறார் என்றால், தயவுசெய்து மற்றவர்கள் கை கொடுங்கள்.

* * *

ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள், இதையெல்லாம் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். பல மாதம் எடுத்ததைத் திடீரென்று விட்டால் தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பும். சில மாத்திரைகளை அப்படி விட்டால் வலிப்புகூட வரலாம். எனக்கு மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஒவ்வொரு முறை குறைத்ததும் சில இரவுகள் தூக்கம் கெட்டு, அப்புறம் நிலைப்பட்டது. காபியை மதியத்தோடு நிறுத்தவும் சொன்னார். குடித்து ஐந்தாறு மணி நேரம் கழித்தும் பாதிக் காஃபின் உடம்பிலேயே இருக்குமாம்.