ஆஸ்துமாவுக்கு அக்குபஞ்சர் எடுத்துக்கொள்பவர் இன்ஹேலரைக் குறைக்கலாமா?

கெடிலக்கரை (கடலூர்):
மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் என் தாயாருக்கு நெடுங்காலமாக ஆஸ்துமா உண்டு. மார்கழிப் பனியும் போகிப் புகையும் வந்துவிட்டால் இரவில் இழுப்பு கூடி, நெபுலைசரில் புகை வைக்க மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். காலையும் மாலையும் ஸ்டீராய்டு இன்ஹேலரும், திணறும்போது மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரும் எடுத்துக்கொள்கிறார். உறவினர் சொன்னதன்பேரில் இப்போது புதுச்சேரியில் ஓர் அக்குபஞ்சர் நிலையத்துக்கும் சென்று வருகிறார். மூச்சு இலேசாகிவிட்டது, உறக்கம் வருகிறது என்கிறார், எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால், இன்ஹேலர் கழிவுகளை உள்ளேயே தேக்கிவிடும் என்று அங்கே சொன்னதை நம்பி, மாலை வேளை மருந்தை அவராகவே நிறுத்திவிட்டார். இது சரிதானா? ஊசியால் நுரையீரலுக்கு ஆபத்து ஏதும் உண்டா?

வில்லியனூர் செவிலியர்:
மாலை மருந்தை இன்றே மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கியிருக்கிறது. அதை அடக்கி வைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். அதை நிறுத்தியவுடன் இழுப்பு வந்துவிடாது என்பதே இதிலுள்ள சிக்கல். அழற்சி திரும்பச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் அக்குபஞ்சரே குணமாக்கியது என்ற எண்ணம் வேரூன்றிவிடும்.

மூச்சு இலேசாக இருப்பதாக உங்கள் தாயார் சொல்வது பொய்யன்று. 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வில், 39 ஆஸ்துமா நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாள்களில் சால்பியூட்டமால், மருந்தில்லாத இன்ஹேலர், போலி அக்குபஞ்சர் (ஊசி தோலில் இறங்காமல், போட்டது போல் பாவனை செய்வது) ஆகியவற்றைக் கொடுத்தும், எதுவுமே கொடுக்காமலும் பார்த்தார்கள். சால்பியூட்டமாலில் 50 விழுக்காடும், போலி அக்குபஞ்சரில் 46 விழுக்காடும் தேறியதாக நோயாளிகள் உணர்ந்தார்கள். ஆனால் ஊதவைத்து அளந்தபோது, சால்பியூட்டமாலில் மூச்சின் அளவு 20 விழுக்காடு உயர்ந்திருக்க, மற்ற மூன்றிலும் ஏறத்தாழ 7 விழுக்காடுதான் உயர்ந்திருந்தது. உணர்வு தேறியது, குழாய் திறக்கவில்லை. இன்ஹேலரை விட்டவருக்கு இந்த இடைவெளிதான் ஆபத்து.

ஊசி மருத்துவன் (புதுச்சேரி):
நான் இத்தொழிலில் இருப்பவன்; ஆயினும் மேலே சொன்னதை மறுக்க மாட்டேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, நாட்பட்ட ஆஸ்துமாவில் அக்குபஞ்சரைப் பற்றி வெளியிட்ட மதிப்பாய்வு, 350 பேர் பங்கேற்ற 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றுதான் சொன்னது. புகைப்பழக்கம் போன்றவற்றால் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் நிலை சற்று வேறு: 2012இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில் 68 பேரில் ஒரு பாதிக்கு உண்மை ஊசியும் மறுபாதிக்குப் போலி ஊசியும், வழக்கமான மருந்துகளோடு, 12 வாரங்கள் போட்டபோது, உண்மை ஊசி பெற்றவர்களுக்கு நடக்கும்போது ஏற்படும் மூச்சுவாங்கல் குறைந்தது. அங்கேயும் மருந்தை யாரும் நிறுத்தவில்லை.

மார்பிலும் தோள்பட்டையைச் சுற்றியும் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரல் உறை துளைபட்டுக் காற்று கசியக்கூடும். அரிதுதான், எனினும் சிகிச்சைக்குப் பின், சில மணி நேரம் கழித்தாயினும், திடீர் நெஞ்சுவலியோ திணறலோ வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிதானா என்றும் கேளுங்கள். நம் பக்கத்தில் அக்குபஞ்சர் என்ற பெயரில் விரலால் தொடுவது மட்டுமே நடக்கும் இடங்களும் பல உண்டு. உங்கள் தாயாருக்கு எது நடக்கிறது?

கெடிலக்கரை:
மணிக்கட்டில் விரலை வைப்பதோடு சரி, ஊசியே இல்லையாம். மருந்தைத் தொடரச் சொன்னால், அதனால் தொண்டை கம்மிப்போகிறது என்கிறார்.

வில்லியனூர் செவிலியர்:
அப்படியானால் நிறுத்தியதற்குக் கழிவு பற்றிய பேச்சு மட்டும் காரணமாக இருக்காது. தொண்டை கம்முவது ஸ்டீராய்டு இன்ஹேலரின் தெரிந்த பக்கவிளைவு. அழுத்தி எடுக்கும் வகை என்றால் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் குழாய்) பொருத்தி எடுக்கட்டும்; எந்த வகையானாலும் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பட்டும். அளவைக் குறைக்க முடியுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஜிப்மரின் நுரையீரல் பிரிவிலோ வழக்கமாகப் பார்ப்பவரிடமோ ஊதும் பரிசோதனை செய்துகொண்டு கேளுங்கள்.

மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவி ஒன்றை வீட்டில் வாங்கி வையுங்கள். காலையிலும் மாலையிலும் மருந்துக்கு முன் மூன்று முறை ஊதி, அதில் மிகுந்த அளவைக் குறித்து வாருங்கள். அவர் நன்றாக இருக்கும் நாள்களில் எட்டும் உச்ச அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மருத்துவரிடம் பேசுங்கள். 50க்குக் கீழே போனால் சால்பியூட்டமாலைக் கொடுத்துவிட்டு, காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொடு சிகிச்சைக்கு அவர் போய்வருவதைத் தடுக்க வேண்டியதில்லை.