கோப்ரா ரெப்ளிகா கிட்: கொயோட்டியா, எல்எஸ்3-ஆ?

கேள்வி (ஃப்ரீமான்ட், கலிபோர்னியா)

வணக்கம். 1960-களின் ஸ்போர்ட்ஸ் காரான ஷெல்பி கோப்ராவின் ரெப்ளிகா ஒன்றை, பாகங்களாக வரும் கிட் வாங்கிக் கட்டப் போகிறேன். 427 என்ற கோப்ரா மாடலுக்கு உள்ள அந்த அகன்ற மட்கார்டு பாடிதான் வேண்டும், அதில் மாற்றமில்லை. ஃபேக்டரி ஃபைவ் நிறுவனத்தின் எம்கே4 கிட் பிடித்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் கிளம்ப வேண்டும் என்பதால் பழைய கார்புரேட்டர் வேண்டாம், மின்னணு இன்ஜெக்‌ஷன்தான். இன்ஜின் ஃபோர்டு கொயோட்டி 5.0, செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் எல்எஸ்3 இரண்டில் ஒன்று. ஃபோர்டு இன்ஜினோடு வந்த கோப்ராவில் செவ்ரோலெட் இன்ஜினா என்று நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். என் உயரம் 6 அடி 1 அங்குலம், ஷூ அளவு 12. வெல்டிங் தெரியாது, வயரிங் ஓரளவு தெரியும். எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1

குதிரைத்திறனை முதலில் ஒதுக்கி வையுங்கள். 2011 மஸ்டாங்கில் வந்த முதல் கொயோட்டிக்கு 412, எல்எஸ்3-க்கு 430. ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள வண்டிக்கு இரண்டுமே தாராளம். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது ஷூ அளவுதான்.

கொயோட்டியில் ஒரு ஹெட்டுக்கு (இன்ஜினின் மேல்பகுதி) இரண்டு வீதம், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் நான்கு. அதனால் ஹெட் இரண்டும் பக்கவாட்டில் பருத்துவிடும். எல்எஸ்3-இல் ஒரே கேம், அதுவும் பிளாக்குக்கு உள்ளே. இன்ஜின் கொள்ளளவு 6.2 லிட்டராக இருந்தும் மேல்பகுதி ஒடுக்கமாக இருப்பது அதனால்தான். கோப்ராவின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) வெறும் 90 அங்குலம். அதற்குள் இன்ஜினைப் பின்னால் தள்ளி வைத்திருப்பதால் ஓட்டுநரின் கால் வைக்கும் பெட்டி இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வருகிறது. இன்ஜின் அகலமானால் அந்தப் பெட்டி குறுகும். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டும், இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் ஹெடர் குழாய்களும் அதை ஒட்டித்தான் போகின்றன. இரண்டு இன்ஜினுக்கும் மின்னணு த்ராட்டில் வைத்தால், சென்சாரோடு சேர்ந்த அந்த ஆக்ஸிலரேட்டர் பெடலும் பழைய கேபிள் பெடலைவிட இடம் பிடிக்கும்.

ஆகவே கிட் விற்பவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: நான் சொல்லும் இன்ஜினுக்கென்றே செய்த மவுண்ட், ஹெடர், கால்பெட்டித் தகடு, எல்லாம் உங்களிடமே இருக்கிறதா? "பொருத்திவிடலாம்" என்று பதில் வந்தால், பொருத்தப் போவது நீங்கள்தான். வெல்டிங் தெரியாதவருக்கு அது பெரிய வேலை. ஆயில் பேன் வண்டியின் சேஸிஸுக்குக் கீழே எவ்வளவு தொங்குகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். வேகத்தடையில் முதலில் அடிபடுவது அதுதான்.

வயரிங் பயம் வேண்டாம். கொயோட்டிக்கு ஃபோர்டே கணினி, ஹார்னஸ் (வயர் தொகுப்பு), பெடல், ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் சேர்த்து ஒரு கன்ட்ரோல் பேக் விற்கிறது. ஆனால் பெட்ரோல் வரும் வழியில் கவனம் தேவை. கார்புரேட்டருக்கு 6, 7 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு 55-ஐத் தாண்டும். யாராவது கார்புரேட்டர் வைத்துக் கட்டிப் பாதியில் விட்ட கிட் மலிவாகக் கிடைத்தால் பம்ப், குழாய், ஃபில்டர் மூன்றையும் மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பதில் 2

கலிபோர்னியா என்பதால் ஒன்று சொல்கிறேன். கிட்டுக்குப் பணம் கட்டும் முன் எஸ்பி 100 என்ற மாநிலச் சட்டம் பற்றிப் படியுங்கள். அந்தச் சட்டப்படி இப்படிக் கட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு 500-க்கு மட்டும் டிஎம்வி (மாநில வாகனப் பதிவுத் துறை) வரிசை எண் தருகிறது. அது கிடைத்தால் புகைப் பரிசோதனைக்கு வண்டியின் ஆண்டாக இன்ஜினின் ஆண்டையோ, பாடி எந்த ஆண்டு காரைப் போல இருக்கிறதோ அந்த ஆண்டையோ வைத்துக்கொள்ளலாம். 427 பாடி என்றால் 1965. 1975 வரையிலான வண்டிகளுக்கு இங்கே அந்தப் புகைப் பரிசோதனையே இல்லை. நீங்கள் ஆசைப்படும் பாடியே உங்களுக்குச் சாதகம்.

எண் கிடைக்காவிட்டால் கதை வேறு. அப்போது ஜிஎம்மின் இ-ராட் எல்எஸ்3 தொகுப்பு கைகொடுக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு, கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் ஒப்புதலோடு வருகிறது. ஆனால் கோப்ராவின் பக்கவாட்டு சைலன்சருக்குள் கன்வெர்ட்டரை நுழைப்பது எளிதில்லை. அதற்கும் கிட் விற்பவரிடம் விடை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பதில் 3

முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு: கோப்ராவே ஒரு கலப்புதான். இங்கிலாந்தின் ஏசி ஏஸ் என்ற காரின் உடலில் 1962-இல் கரோல் ஷெல்பி ஃபோர்டு வி8-ஐ வைத்தார். அதற்கு முன் அவர் இன்ஜின் கேட்டுப் போனது செவ்ரோலெட்டிடம். தங்கள் கொர்வெட் காருக்குப் போட்டியாகிவிடும் என்று அவர்கள் தரவில்லை. ஆனாலும் நான் ஃபோர்டு பக்கம்தான். பானெட்டைத் திறந்து நிற்கும்போது உள்ளே ஃபோர்டு என்ற எழுத்து இருந்தால் அந்தக் காருக்கு நிறைவு. விற்கும்போதும் கோப்ரா வாங்க வருபவர்களில் பலர் அதைத்தான் தேடுகிறார்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. கால்பெட்டி பற்றி எந்த வீடியோவிலும் யாரும் இப்படிச் சொல்லவில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் கொயோட்டி வைத்து எம்கே4 கட்டி முடித்திருக்கிறார். சனிக்கிழமை போய் உட்கார்ந்து பார்க்கிறேன். எப்படிச் சோதிப்பது?

பதில் 1

நீங்கள் தினமும் போடும் ஷூவோடு போங்கள். கிளட்சை முழுதாக மிதித்து விடுங்கள், இடது கால் ஓய்வெடுக்க இடம் இருக்கிறதா பாருங்கள். பிரேக்கை அழுத்தும்போது வலது ஷூவின் ஓரம் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் அந்த அமைப்பு உங்களுக்கு ஆகாது. அவர் சம்மதித்தால் இன்ஜினை அரைமணி நேரம் ஓடவிட்டு, கால்பெட்டிச் சுவரில் கை வைத்து வெப்பத்தையும் பாருங்கள். அப்புறம் இறங்கும்போது காலைச் சற்று அகட்டி வையுங்கள், பக்கவாட்டு சைலன்சர் கெண்டைக்காலைச் சுட்டுவிடும்.