பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு நிலையான கொள்கை என்று ஒன்று உண்டா?

கேள்வி (மதுரை):
அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். கன்சர்வேட்டிவ் கட்சி பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். 2010இல் செலவைக் குறைப்போம் என்று ஆட்சிக்கு வந்தார்கள். 2020இல் கொரோனாவால் வேலை நின்றவர்களுக்கு மாதம் 2,500 பவுண்டு வரம்பில் சம்பளத்தின் 80 சதவீதத்தை அவர்களே கொடுத்தார்கள். கம்பெனி வரியை 28இலிருந்து 19 சதவீதமாகக் குறைத்தார்கள், 2023இல் 25 ஆக்கினார்கள். போலீஸிலும் இதே கதை. அங்கே வாழ்பவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

பதில் (ஈஸ்ட் ஹாம், லண்டன்):
தம்பி, உதவித்தொகை படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு மையத்தில் வேலை செய்கிறேன். யாருக்கு வெட்டினார்கள், யாரைத் தொடவில்லை என்று வயதை வைத்துப் பாருங்கள்.

2013 ஏப்ரலில் ‘பெட்ரூம் டாக்ஸ்’ வந்தது. கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளாட்சி மன்றம் வாடகைக்குத் தரும் வீட்டில், ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தால் வாடகையில் 14 சதவீத அளவுக்கு உதவித்தொகையில் வெட்டு, இரண்டு என்றால் 25. மகன் வேலைக்கு வேறு ஊர் போய்விட்டான், அவன் அறைக்காக வெட்டுகிறார்கள் என்று கடிதத்தோடு எத்தனை தாய்மார் வந்தார்கள்! சின்ன வீட்டுக்கு மாறு என்றது அரசு. மாறுவதற்குப் போதுமான சின்ன வீடுகள் எங்கே இருந்தன? ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் அந்த வெட்டு இல்லை. அவர்களின் ஓய்வூதியமோ விலைவாசி, சம்பள உயர்வு, 2.5 சதவீதம் என்ற மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஏறும் என்று உறுதி கொடுத்தார்கள். 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த மூன்றாவது பிள்ளைக்குத் தொகை இல்லை என்றதும் அதே கட்சிதான். முதியவர்கள் தவறாமல் வாக்களிப்பார்கள், அதிலும் இந்தக் கட்சிக்கே அதிகம். அவர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகளிடமிருந்து எடுத்ததை என்னால் ஏற்க முடியாது.

பதில் (லெஸ்டர்):
அக்கா, 2010இல் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 10 சதவீதம் அளவுக்கு இருந்தது. போட்டிக் கட்சியான லேபர் வந்திருந்தாலும் வெட்டியிருக்கும். பல உதவித்தொகைகளை ஒன்றாக்கிய யுனிவர்சல் கிரெடிட்டின் நோக்கமும் நல்லதுதான்: வேலைக்குப் போனால் கையில் மிஞ்ச வேண்டும். முதலில் வரம்புக்கு மேல் சம்பாதித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித்தொகையில் 65 பென்ஸ் பிடித்தார்கள், 2021இல் அதை 55 ஆகக் குறைத்ததும் அவர்களே. என் கடையில் பகுதி நேரம் பார்ப்பவர்களுக்கு அது உதவியது.

பதில் (ஈஸ்ட் ஹாம், லண்டன்):
55 ஆக்கியது நல்ல வேலை, சரி. ஆனால் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தால் முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். அதற்குள் வாடகை பாக்கி ஏறிவிடுகிறது, அல்லது முன்பணத்தைக் கடனாக வாங்கி மாதாமாதம் கழிக்க வேண்டும்.

போலீஸ் பற்றியும் கேட்டீர்கள் தம்பி. 1993இல் அந்தக் கட்சியின் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட் சிறைதான் பலன் தரும் என்றார். 2006இல் கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரன், தலைமூடிச் சட்டை (hoodie) போட்ட பையன்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். பிறகு தெரசா மே உள்துறையில் இருந்த காலத்தில் தொடங்கி இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 20,000 போலீஸார் குறைந்தார்கள். மொத்தக் குற்றம் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன நியாயம். ஆனால் 2014க்குப் பிறகு கத்திக்குத்து ஏறியது. 2019இல் போரிஸ் ஜான்சன் 20,000 பேரைச் சேர்ப்பேன் என்றார், சேர்த்தும் விட்டார்கள். வந்தவர்கள் புதியவர்கள். தெருவையும் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அறிந்திருந்த பழைய ஆட்கள் பலர் அதற்குள் போய்விட்டார்கள். கட்டுரையில் எண்ணிக்கையோடு இதையும் எழுதுங்கள்.