"வட போச்சே" பரவியது வடிவேலுவாலா, ஏகாரத்தாலா?

இலக்கணப்பித்தன்:
ஒரு சொல் இணையத்தில் ஓடுவதற்கு நடிகரின் முகம்தான் காரணம் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. "வட போச்சே"யை எடுங்கள். யாருடைய வடை? சொல்லவில்லை. யார் பிடுங்கியது? அதுவும் இல்லை. ஒரு பெயர், 'போச்சு', கடைசியில் ஒரு ஏகாரம், அவ்வளவுதான். வடையை எடுத்துவிட்டு எதையும் வைக்கலாம்: லீவு போச்சே, சீட்டு போச்சே, கரண்ட் போச்சே.

பின்பெஞ்சு:
அப்போ நேசமணி? 2019 மே மாதம் ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. நம்ம ஆள் ஒருவர் பதில் சொன்னதோடு, இதுதான் காண்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்தது என்று சேர்த்துவிட்டார். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் பாத்திரம் அது. அவருக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி இங்கிலீஷில் ஹேஷ்டேக், உலக அளவில் ட்ரெண்டிங். தமிழே தெரியாதவர்களும் நலம் விசாரித்தார்கள். அங்கே எந்த ஏகாரம் வேலை செய்தது?

இலக்கணப்பித்தன்:
சரி, அது பரவியது. ஆனால் புழங்கவில்லையே. நேசமணியை அன்றாடப் பேச்சில் எங்கே செருகுவது? மீம் பக்கமே போகாத என் அம்மா போன வாரம் குடும்ப குரூப்பில் "ரசம் போச்சே" என்று போட்டார், பொங்கி வழிந்த அடுப்பின் படத்தோடு.

பின்பெஞ்சு:
அண்ணே, அம்மா அதை வடிவேலுவிடம் கற்கவில்லை. பால் பொங்கினால் எங்கள் பாட்டியும் "போச்சே போச்சே" என்றுதான் ஓடுவார். அது வெறும் தமிழ்.

இலக்கணப்பித்தன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! அச்சு ஏற்கெனவே வாயில் இருந்தது. காக்கா வடை கதையும் எல்லோருக்கும் தெரியும். புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. (ஒரு வேடிக்கை: நன்னூல் ஏகாரத்துக்குத் தரும் ஆறு பொருளில் இரக்கம் கிடையாது. 'கழிவு', அதாவது போனதற்கு இரங்குவது, ஓகாரத்தின் கணக்கில் இருக்கிறது. பவணந்தியார் வடையைத் தொலைத்ததில்லை போல.)

யாழ்வாசி:
அண்ணையாக்கள், நாங்கள் 'போச்சுது' எண்டுதான் கதைக்கிறது. ஆனால் டைப் பண்ணேக்க "வட போச்சே"தான். வடையில் ஐகாரத்தைக்கூட விட்டிடுவம்.

பின்பெஞ்சு:
பார்த்தீர்களா! இலக்கணம் பரப்பியிருந்தால் அங்கே "வடை போச்சுதே" ஆகியிருக்கும். போனது வடிவேலுவின் குரல்.

யாழ்வாசி:
பொறுங்கோ. பஸ் போச்சே, நெட் போச்சே எண்டு நாங்களும் மாத்தி மாத்திப் போடுறம். குரல் உங்கட பக்கத்தது, நிரப்புறது நாங்கள்.

இலக்கணப்பித்தன்:
"போச்சுதே" என்று யாருமே எழுதுவதில்லையா?

யாழ்வாசி:
எழுதுவினம். உண்மையாவே ஏதும் போனால்.