லோகோஸ்ட் கட்ட எந்தக் காரை வாங்கிப் பிரிப்பது?

நாலுசக்கரம்:
பிரிட்டனில் இருக்கிறேன். குறைந்த செலவில் வீட்டிலேயே கட்டும் லோகோஸ்ட் காருக்காக, லோட்டஸ் செவன் (எடை குறைந்த, திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) பாணியில், 25 மி.மீ. சதுரக் குழாயில் சேஸியை (அடிச்சட்டத்தை) நானே வெல்டிங் செய்யப்போகிறேன். மொத்த எடை 600 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃப்ரன்ஷியல் (டிஃப்: சுழற்சியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), பிரேக் எல்லாம் ஒரே பழைய காரிலிருந்து எடுக்க எண்ணம். பழைய வரைபடங்கள் ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2, சியரா என்கின்றன. மஸ்டா எம்எக்ஸ்-5 சரிவருமா? 1.6 லிட்டர் எஞ்சின் போதுமா, 1.8 வேண்டுமா?

திருகாணி:
எம்எக்ஸ்-5தான். மார்க் 2 எஸ்கார்ட் 1980-லேயே நின்றுபோனது. மிஞ்சியிருப்பவை பழங்கார் பிரியர்களின் விலைக்குப் போய்விட்டன, அவற்றை வெட்டுவது பாவம். எம்எக்ஸ்-5இல் எஞ்சின் நீளவாக்கில், இழுவை பின் சக்கரத்தில், நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரு கைகள் கொண்ட சஸ்பென்ஷன்). ஹப்பையும் (சக்கரம் மாட்டும் குடம்) அப்ரைட்டையும் (அந்தக் குடத்தைத் தாங்கும் பாகம்) அப்படியே கழற்றி மாட்டலாம்.

உங்கள் எடைக்கு 1.6 தாராளம். ஆனால் ஆண்டைப் பாருங்கள்: ஆரம்பகால 1.6 சுமார் 115 குதிரைத்திறன். 1995 முதல் பிரிட்டனில் விற்ற 1.6 சுமார் 90 மட்டுமே. 1.6-இன் 6 அங்குல டிஃப் கனமான காரில் டர்போ போட்டால் உடையும். இலேசான காரில் டயர் முதலில் வழுக்கிவிடுவதால் தாங்கும். பின்னாளில் டர்போ யோசனை இருந்தால் மட்டும் 7 அங்குல டிஃப் உள்ள 1.8.

பற்றவைப்பு:
காரை வாங்கும் முன் வரைபடத்தை முடிவு செய்யுங்கள். எஸ்கார்ட் வரைபடம் லைவ் ஆக்ஸிலுக்கு (இரு பின் சக்கரங்களையும் டிஃப்பையும் ஒன்றாக இணைக்கும் ஒற்றை அச்சு) வரைந்தது. எம்எக்ஸ்-5இன் தனித்தனி பின் சஸ்பென்ஷன் அதில் உட்காராது.

பலர் கவனிக்காத இடம் இன்னொன்று. எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸின் வாலையும் டிஃப்பின் மூக்கையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. கியர்பாக்ஸ் வாலுக்குத் தனி மவுண்ட் கிடையாது. அந்தச் சட்டத்தை விட்டால், வாலைத் தாங்க ஒரு குறுக்குச் சட்டமும், டிஃப் மூக்கு மேலெழும்பாமல் பிடிக்க உறுதியான பிராக்கெட்டும் நீங்களே செய்ய வேண்டும். பிராக்கெட் மெலிந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் டிஃப் முறுக்கிக்கொள்ளும், வெல்டிங் விரிசல் விடும். எஞ்சின் பின்னுக்கு நகர்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து டிஃப்புக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) வெட்டிக் குறுக்கி பேலன்ஸ் பார்க்கவும் கொடுங்கள்.

கறுப்புஎண்ணெய்:
சில் (கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டம்) துருப்பிடித்து எம்ஓடியில் (பிரிட்டனின் வருடாந்தரத் தகுதிச் சோதனை) தோற்ற, ஆனால் ஓடுகிற முழுக் காராக வாங்குங்கள். துரு உங்களுக்கு நஷ்டமில்லை, விலையைக் குறைக்கும். ஓட்டிப் பார்த்தால் கியர், கிளட்ச், டிஃப் சத்தம் எல்லாம் தெரிந்துவிடும்.

1989–91 எஞ்சினில் கிராங்க் புல்லியை (எஞ்சினின் முன்முனைச் சக்கரம்) பாருங்கள். அதில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை மூக்கு கிராங்க், எட்டு என்றால் பின்னால் வந்த பெரிய மூக்கு. குட்டை மூக்கில் டைமிங் பெல்ட் மாற்றியபின் போல்ட் தளர்ந்தால் சாவிக்காடி (கிராங்கில் புல்லி தனியே சுழலாமல் பிடிக்கும் சாவி உட்காரும் பள்ளம்) தேயும். எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடினால் வாங்காதீர்கள்.

ஒயரிங்கை வெட்டாமல், ஒவ்வொரு இணைப்பிலும் சீட்டு ஒட்டி, ஈசியூவோடு (எஞ்சினை இயக்கும் மின்னணுப் பெட்டி) முழுதாக உருவுங்கள். வாகனப் பதிவுப் பத்திரத்தையும் எஞ்சின் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். ஐவிஏ (சொந்தமாகக் கட்டிய காரைப் பதிவுக்கு முன் தனியாகச் சோதிக்கும் அனுமதிச் சோதனை) புகைச் சோதனையின் வரம்பு எஞ்சினின் வயதைப் பொறுத்தது.

நாலுசக்கரம்:
நன்றி. பிரேக் சர்வோவையும் (பெடல் மிதிக்கு உதவும் வெற்றிடக் கருவி) பவர் ஸ்டீயரிங்கையும் வைத்துக்கொள்ளலாமா?

திருகாணி:
இரண்டுமே வேண்டாம். இந்த எடைக்கு மேனுவல் ஸ்டீயரிங் ராக் போதும், பவர் ஸ்டீயரிங் இல்லாத எம்எக்ஸ்-5இலிருந்து எடுங்கள். சர்வோவை எடுத்தபின் பழைய மாஸ்டர் சிலிண்டரையே (மிதியை பிரேக் எண்ணெய் அழுத்தமாக மாற்றும் பாகம்) வைத்தால் பெடல் கல்லாகிவிடும். விட்டம் குறைந்தது போடுங்கள், மிதி தூரம் கொஞ்சம் கூடும். முன்பாரம் குறைவதால் பிரேக் சமநிலையும் மாறும். ஐவிஏவில் முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். பயாஸ் பார் (முன், பின் பிரேக் விகிதத்தை மாற்றும் தண்டு) வைத்தால் சரிசெய்தபின் நகராதபடி இறுக்கிவிட்டுப் போங்கள்.